எதிர்பார்க்கும் சம்பளம் எவ்வளவு?

காலை பதினோரு மணிக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வரும். போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிப் பக்கம் போவீர்கள். கன்சல்டன்சியிலிருந்து ஒரு பெண் பேசுவார். மொத்த அனுபவம் எத்தனை வருடம், நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள் என்று இரண்டு கேள்வி. மூன்றாவதாக, "கரண்ட் சி.டி.சி. எவ்வளவு சார்? எக்ஸ்பெக்டேஷன் என்ன?"

பதினைந்து வருடம் வேலை பார்த்தவர்கள்கூட இந்த இடத்தில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். நடுராத்திரி சர்வர் விழுந்தால் பதறாமல் எழுப்பிவிடும் ஆள், "இப்ப இருபத்திரண்டு மேடம், ஒரு முப்பது பர்சன்ட் ஹைக் எதிர்பார்க்கிறேன்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார். அடுத்த மூன்று நான்கு வருடத்துச் சம்பளம் அந்த மூச்சிலேயே முடிவாகிவிடுகிறது. அவர் உட்காரப்போகும் நாற்காலிக்கு அந்த நிறுவனம் முப்பத்தைந்து லட்சம் ஒதுக்கி வைத்திருந்தாலும், இனி அவருக்கு வரப்போவது இருபத்தெட்டைச் சுற்றித்தான்.

முப்பது சதவீதம் என்பதில் தவறில்லை. எதன் மேல் முப்பது என்பதுதான் கேள்வி. ஒரே கல்லூரி, ஒரே வருடம் முடித்த இருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பெரிய சேவை நிறுவனத்தில் 3 லட்சத்துக்குச் சேர்ந்தார். இன்னொருவர் ஒரு புராடக்ட் கம்பெனியில் 4.5 லட்சத்துக்கு. இருவரும் நான்கு முறை வேலை மாறுகிறார்கள், ஒவ்வொரு முறையும் அதே 30 சதவீதம். முதலாமவர் சுமார் 8.6 லட்சத்தில் நிற்பார், இரண்டாமவர் 12.9 லட்சத்தில். ஆரம்பத்தில் ஒன்றரை லட்சமாக இருந்த இடைவெளி நான்கே கால் லட்சத்தைத் தாண்டிவிட்டது. இதற்குள் முதலாமவர் இரண்டாமவரைவிட நல்ல பொறியாளராக ஆகியிருக்கலாம். சதவீதக் கணக்குக்கு அது தெரியாது. இருபத்திரண்டு வயதில் எந்த கேம்பஸ் இன்டர்வியூ வாய்த்தது என்பது மட்டுமே அதற்குத் தெரியும்.

எனவே இந்த அத்தியாயம் முழுக்க நான் சொல்லப்போவது ஒன்றுதான். உங்கள் பழைய சம்பளத்திலிருந்து கணக்கைத் தொடங்காதீர்கள், அந்த இடத்தின் விலையிலிருந்து தொடங்குங்கள். அந்த விலை தெரியவேண்டுமானால் நம்மில் பலர் வாயைத் திறக்க வேண்டும்.

நாற்பதும் முப்பத்தாறும்

முதலில் ஆஃபரைப் படிக்கக் கற்றுக்கொள்வோம். சி.டி.சி. என்பது நிறுவனம் உங்களுக்காகச் செய்யும் மொத்தச் செலவு. அதில் உங்கள் கைக்கு வராத பணமும் உண்டு, வருமா என்று தெரியாத பணமும் உண்டு. இரண்டு ஆஃபர்களைப் பிரித்துப் பார்க்கலாம்.

முதல் ஆஃபர் 40 லட்சம். அடிப்படைச் சம்பளம் 14 லட்சம், வீட்டு வாடகைப் படி 7 லட்சம், சிறப்புப் படி 7 லட்சம். நிறுவனம் கட்டும் பி.எஃப். அடிப்படையில் 12 சதவீதம், அதாவது 1,68,000. கிராஜுவிட்டிக்கென்று 67,340. மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியம் 24,660. வேரியபிள் 6 லட்சம். ஜாயினிங் போனஸ் 3,40,000. கூட்டினால் சரியாக 40 லட்சம்.

மாதாமாதம் நிச்சயமாக வருவது முதல் மூன்று வரிகள் மட்டும்தான், 28 லட்சம். அதில் உங்கள் பங்கு பி.எஃப். 1,68,000 போகும். 2025-26 நிதியாண்டின் புதிய வரிமுறைப்படி நிலைக்கழிவு 75,000 போக வருமான வரி, செஸ் சேர்த்து 4,13,400. மிச்சம் 22,18,600. மாதத்துக்கு ஏறக்குறைய 1,84,900 ரூபாய்.

இரண்டாவது ஆஃபர் 36 லட்சம். அடிப்படை 15 லட்சம், வாடகைப் படி 7.5 லட்சம், சிறப்புப் படி 8.8 லட்சம். பி.எஃப். 1,80,000, கிராஜுவிட்டி 72,150, காப்பீடு 17,850, வேரியபிள் 2 லட்சம். ஜாயினிங் போனஸ் கிடையாது. இதே கணக்கைப் போட்டால் மாதம் கைக்கு 2,02,800 வரும்.

நான்கு லட்சம் குறைவான ஆஃபரில் மாதம் பதினெட்டாயிரம் ரூபாய் கூட வருகிறது. வீட்டுக்கடன் இ.எம்.ஐ. கட்டுகிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. வேரியபிள் முழுதாக வந்தால் முதல் ஆஃபர் முந்தக்கூடும் என்பது உண்மைதான். ஆனால் "கடந்த மூன்று வருடமும் வேரியபிள் எத்தனை சதவீதம் கொடுத்தீர்கள்?" என்று கேட்டு, பதில் வந்த பிறகு அந்தப் பணத்தைக் கணக்கில் சேருங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் வருடம் ஜாயினிங் போனஸ் இருக்காது என்பதையும் மறக்க வேண்டாம். முதல் ஆஃபரின் உண்மையான பெயர் 36.6 லட்சம்.

ஆஃபரில் உள்ள கிராஜுவிட்டித் தொகையைப் பலர் கவனிப்பதே இல்லை. ஒவ்வொரு வருட வேலைக்கும் பதினைந்து நாள் சம்பளம், மாதத்துக்கு இருபத்தாறு நாள் என்று கணக்கு. அதுதான் அடிப்படையில் 4.81 சதவீதமாக உங்கள் சி.டி.சி.யில் உட்கார்ந்திருக்கிறது. நிரந்தர ஊழியர் ஐந்து வருடம் முடிக்காமல் கிளம்பினால் அந்தப் பணம் கிடைக்காது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை இடம் மாறுகிறவருக்கு அது காகிதத்தில் மட்டும் இருக்கும் பணம்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் ஊதியத்துக்குப் புது வரையறை இருக்கிறது. வாடகைப் படி போன்ற விலக்கப்பட்ட இனங்கள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகையும் ஊதியமாகவே கணக்கிடப்படும். அடிப்படையைக் குறைத்துக் காட்டி பி.எஃப்., கிராஜுவிட்டியைச் சுருக்கும் பழைய வழக்கத்துக்கு இது முட்டுக்கட்டை. ஆனால் மொத்த சி.டி.சி. அப்படியே இருந்து உள்ளே மட்டும் பிரிவு மாறினால், கைக்கு வருவது கொஞ்சம் குறையலாம். ஆகவே பழைய ஆஃபர் ஒன்றையும் புதிய ஆஃபர் ஒன்றையும் ஒப்பிடும்போது மேலே போட்டது போல வரிவரியாகப் பிரித்தே ஒப்பிடுங்கள்.

ஜாயினிங் போனஸ் பற்றி இன்னொரு எச்சரிக்கை. ஒரு வருடத்துக்குள்ளோ இரண்டு வருடத்துக்குள்ளோ வெளியேறினால் திருப்பிக் கட்ட வேண்டும் என்று நிபந்தனை இருக்கும். உங்களுக்கு வந்தது வரி பிடித்த தொகை. திருப்பிக் கேட்பது முழுத் தொகையையா, கைக்கு வந்ததை மட்டுமா? கையெழுத்துக்கு முன்பே மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். 30 சதவீத வரி வரம்பில் இருப்பவருக்கு 3,40,000-இல் ஒரு லட்சத்துக்கு மேல் இந்தக் கேள்வியில் தொங்குகிறது.

பங்குகள்

அமெரிக்கத் தாய் நிறுவனத்தின் கிளையாகச் சென்னையில் இயங்கும் மையங்கள் ஆர்.எஸ்.யு. என்று பங்குகள் தரும். வழக்கமாக நான்கு வருடத்தில் பிரித்துத் தருவார்கள். ஆஃபரில் மொத்த மதிப்பு பெரிதாகத் தெரியும். நான்கால் வகுத்தால்தான் ஒரு வருடக் கணக்கு. கைக்கு வரும் நாளின் சந்தை மதிப்பு உங்கள் சம்பளத்தோடு சேர்ந்து வரிக்கு உள்ளாகும். பின்னால் விற்கும்போது லாபத்துக்குத் தனி வரி. வெளிநாட்டுப் பங்கு என்பதால் வருமான வரிப் படிவத்தில் அயல்நாட்டுச் சொத்துப் பட்டியலிலும் காட்ட வேண்டும். இதை விட்டுவிட்டு நோட்டீஸ் வாங்கியவர்கள் நிறையப் பேர்.

பட்டியலிடப்படாத ஸ்டார்ட்-அப் தரும் இ.எஸ்.ஓ.பி., அதாவது குறித்த விலையில் பின்னால் பங்கு வாங்கிக்கொள்ளும் உரிமை, வேறு கதை. விற்க இடமில்லாத பங்கு அது. வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் சம்பளப் பேச்சில் அதற்குப் பூஜ்யம் என்று மதிப்பு வைத்துவிட்டு, ரொக்கம் மட்டும் உங்களுக்குப் போதுமா என்று பாருங்கள். வேலையை விட்டால் எத்தனை நாளுக்குள் பணம் கட்டிப் பங்கை எடுக்க வேண்டும் என்பதையும் கேளுங்கள்.

விலையை எங்கே தேடுவது

மத்திய அரசு வேலையில் இந்தத் தேடலே கிடையாது. இஸ்ரோவில் 'எஸ்.சி.' நிலையில் சேரும் பொறியாளருக்கு ஏழாவது ஊதியக் குழுவின்படி லெவல் 10, தொடக்க அடிப்படை 56,100 ரூபாய் என்று விளம்பரத்திலேயே அச்சாகிவிடும். மகேந்திரகிரி இஸ்ரோ மையத்தில் பக்கத்து மேசைக்காரருக்கு எவ்வளவு என்று யாரும் யாரிடமும் கிசுகிசுக்க வேண்டியதில்லை. அங்கே சம்பளம் குறைவு என்ற வருத்தம் இருக்கலாம். மறைக்கிறார்கள் என்ற சந்தேகம் இருக்காது.

தனியார் துறையில் நாம்தான் தேட வேண்டும். ஆம்பிஷன்பாக்ஸ், கிளாஸ்டோர், லெவல்ஸ் போன்ற தளங்களை எல்லாரும் பார்க்கிறார்கள். அவற்றைப் படிக்கும்போது மூன்று விஷயம் கவனியுங்கள்: பதிவு எந்த வருடத்தது, எந்த ஊர், போட்டிருப்பது நிலையான சம்பளமா மொத்த சி.டி.சி.யா. 2022-இல் ஆள் கிடைக்காமல் நிறுவனங்கள் அள்ளிக் கொடுத்த சம்பளத்தை இன்றைய விலை என்று எடுத்துக்கொண்டு ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும்.

பலர் கண்ணில் படாத ஒரு இடம் ஆண்டறிக்கை. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒவ்வொரு நிறுவனமும், 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 197(12) பிரிவுப்படி, இயக்குநர்களின் சம்பளம் ஊழியர்களின் இடைநிலைச் சம்பளத்தைப் போல் எத்தனை மடங்கு என்று சொல்லியாக வேண்டும். எல்லா ஊழியரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவருடைய சம்பளம்தான் இடைநிலைச் சம்பளம். அது அந்த வருடம் எத்தனை சதவீதம் கூடியது என்பதும் அதிலேயே இருக்கும். "இந்த வருஷம் மார்க்கெட் சரியில்லை" என்று உங்களிடம் சொல்லப்பட்டால், மேலே இருப்பவர்களுக்கு எவ்வளவு கூடியது என்று அதே பக்கத்தில் பாருங்கள். சந்தை மதிப்பில் முதல் ஆயிரம் நிறுவனங்கள் 2022-23 முதல் செபிக்குத் தரும் பொறுப்பறிக்கையில் ஆண், பெண் ஊழியர்களின் இடைநிலைச் சம்பளத்தைத் தனித்தனியாகத் தர வேண்டும். ஆண்டறிக்கையைத் திறந்து 'மீடியன்' என்று தேடினால் இரண்டு நிமிடத்தில் கிடைத்துவிடும். பதினைந்து வருட அனுபவக்காரரின் சம்பளத்தை இது நேரடியாகச் சொல்லாது. அந்த வீட்டின் பழக்கவழக்கத்தைச் சொல்லும்.

அமெரிக்காவில் இது இன்னும் எளிது. கொலராடோ மாநிலத்தில் 2021 ஜனவரி 1 முதல் வேலை விளம்பரத்திலேயே சம்பள வரம்பைப் போட வேண்டும். நியூயார்க் நகரம் 2022 நவம்பரிலும், கலிஃபோர்னியாவும் வாஷிங்டன் மாநிலமும் 2023 ஜனவரியிலும் அதைப் பின்பற்றின. பழைய சம்பளத்தைக் கேட்கவே கூடாது என்று கலிஃபோர்னியா 2018 முதல் தடுத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் கொண்டுவந்த ஊதிய வெளிப்படை நெறிமுறையும் இரண்டையும் சேர்த்துச் சொல்கிறது: வரம்பை முன்கூட்டியே சொல், பழையதைக் கேட்காதே. உறுப்பு நாடுகள் அதைத் தத்தம் சட்டமாக்க 2026 ஜூன் 7 வரை கெடு.

சென்னையில் இருப்பவருக்கு இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். உங்களை அழைத்திருப்பது பன்னாட்டு நிறுவனம் என்றால், அதே பதவிக்கு அதன் கலிஃபோர்னியா விளம்பரத்தைத் தேடுங்கள். டாலரை ரூபாயாக மாற்றிப் பார்ப்பதற்காக அல்ல. அதனால் ஒரு பயனும் இல்லை. அந்த கிரேடுக்கும் அதற்கு அடுத்த கிரேடுக்கும் எவ்வளவு இடைவெளி, ஒரு கிரேடுக்குள் அடிக்கும் நுனிக்கும் எவ்வளவு தூரம் என்பது தெரியும். அந்த விகிதம் இங்கேயும் கிட்டத்தட்ட ஒட்டிவருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கீழ் கிரேடின் நுனியில் போய் உட்கார்ந்தால் வருடாவருடம் உயர்வு சொற்பமாகவே இருக்கும். மேல் கிரேடின் அடியில் உட்கார்ந்தால் ஏற இடம் உண்டு. ஒன்றிரண்டு லட்சம் விட்டுக்கொடுத்தாவது கிரேடை வாங்குங்கள் என்றே நான் சொல்வேன்.

ஏ.டி.எம். சீட்டின் பின்பக்கம்

இத்தனை தளங்களும் அறிக்கைகளும் இருந்தாலும், நம்பகமான எண் வருவது கூட வேலை பார்த்த மனிதரிடமிருந்துதான். கல்யாண வீட்டில் சித்தப்பா "சம்பளம் எவ்வளவுப்பா?" என்றால் சொல்கிறோம். ஒரே டெஸ்க்கில் எட்டு வருடம் உட்கார்ந்தவரிடம் சொல்வதில்லை. அப்பாயின்ட்மென்ட் லெட்டரில் சம்பளம் ரகசியம் என்று ஒரு வரி இருக்கிறது என்போம். அந்த வரி யாருக்கு லாபம் என்பதை நான் தெரிந்துகொண்ட விதத்தைச் சொல்கிறேன்.

முதல்முறையாக என் டீமின் சம்பளப் பட்டியல் அப்ரைசலுக்காக என் கைக்கு வந்த வருடம் அது. எக்ஸெல் தாளில் ஏழாவது வரியும் எட்டாவது வரியும் பக்கத்தில் பக்கத்தில். இருவருக்கும் பதின்மூன்று வருட அனுபவம், ஒரே கிரேடு, ஒரே ரேட்டிங். ஆணுக்கு 27.4 லட்சம். பெண்ணுக்கு 19.1. குழந்தை வளர்ப்புக்காக இரண்டு வருடம் விட்டுவிட்டுத் திரும்பியவர் அவர். விட்ட இடத்துச் சம்பளத்தின் மேல் இருபது சதவீதம் போட்டுச் சேர்த்திருந்தார்கள். எச்.ஆரிடம் கேட்டேன். "அவங்க கேட்டதே அவ்வளவுதான் சார்" என்று பதில் வந்தது. இருவருக்கும் பத்து சதவீதம் கொடுத்தால் இடைவெளி 8.3 லட்சத்திலிருந்து 9 லட்சத்தைத் தாண்டும். நியாயமாக நடந்துகொண்டதாக நான் நினைத்துக்கொள்ளும் அதே நாளில் அநியாயம் வளர்ந்திருக்கும். மன்றாடி அவருக்குப் பதினாறு சதவீதம் வாங்கினேன். 22 லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே போனது, அவ்வளவுதான்.

அடுத்த மாதம் தரமணியில் டீக்கடை வாசலில் அவரே கேட்டார்.

"அண்ணா, தப்பா நினைக்காதீங்க. என் கிரேடுல இருக்கறவங்களுக்கெல்லாம் எவ்வளவு வருது?"

"ஆளோட சம்பளத்தைச் சொல்ல முடியாதும்மா. கிரேடோட அளவு வேணா சொல்றேன்."

சட்டைப் பையில் இருந்த ஏ.டி.எம். சீட்டைத் திருப்பி மூன்று எண் எழுதினேன்: 18, 25, 32. கிரேடின் அடி, நடு, நுனி. அவர் வெகுநேரம் அந்தச் சீட்டையே பார்த்தார். டீ ஆடை கட்டிப்போயிற்று. "நான் நல்லாத்தான் வாங்கறேன்னு நினைச்சிட்டு இருந்தேன்" என்றார். அந்த வருடக் கடைசியில் வேறு நிறுவனத்துக்கு 31 லட்சத்துக்குப் போனார். வேலை அதேதான். நான் எழுதிக் கொடுத்த மூன்று எண்களைத் தவிர அவரிடம் புதிதாக ஒன்றும் சேர்ந்திருக்கவில்லை.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் லில்லி லெட்பெட்டர் என்ற பெண், குட்இயர் டயர் ஆலையில் மேற்பார்வையாளராக 1979 முதல் வேலை பார்த்தார். ஏறத்தாழ பத்தொன்பது வருடம் கழித்து, யாரோ பெயர் போடாமல் வைத்த ஒரு துண்டுச் சீட்டில்தான் அவருக்கு விஷயம் தெரிந்தது. அவர் வாங்கியது மாதம் 3,727 டாலர். அதே வேலை பார்த்த ஆண்களில் மிகக் குறைவாக வாங்கியவருக்கு 4,286. வழக்குப் போட்டார். சம்பளம் அப்படி முடிவான நூற்றெண்பது நாளுக்குள் புகார் தந்திருக்க வேண்டும் என்று 2007-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. தெரியாத விஷயத்துக்கு எப்படிப் புகார் தருவது? 2009 ஜனவரியில் ஒபாமா கையெழுத்திட்ட முதல் சட்டம் அவர் பெயரால் அந்தக் கெடுவை மாற்றியது. குறைந்துபோன சம்பளம் லெட்பெட்டருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

சம்பளத்தைத் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் உரிமையை அமெரிக்கத் தனியார் ஊழியர்களுக்கு 1935-ஆம் வருடத்துத் தொழிலுறவுச் சட்டம் காக்கிறது. மேற்பார்வையாளர்கள் அதில் வரமாட்டார்கள். அதே தெளிவோடு எழுதிவைத்த சட்டம் நம்மிடம் இல்லை. ஒரே வேலைக்கு ஆண் பெண் என்று பார்த்துச் சம்பளம் வைக்கக் கூடாது என்று 1976-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது, இப்போது ஊதியச் சட்டத் தொகுப்பும் சொல்கிறது. ஆனால் வித்தியாசம் இருப்பது தெரிந்தால்தானே அந்தச் சட்டத்தைத் தொட முடியும்.

ஆகவே கவனமாகப் பேசுங்கள், ஆனால் பேசுங்கள். உங்கள் ஒப்பந்தத்தின் வாசகத்தை முதலில் படியுங்கள். உங்கள் சம்பளத்தைச் சொல்லலாமா என்பது உங்கள் முடிவு. அடுத்தவர் சம்பளம் உங்களுடையதல்ல, அதை ஒருபோதும் சொல்லாதீர்கள். சம்பளச் சீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். பேரோல் கோப்பு தவறி உங்களுக்கு வந்தால் திறக்காமல் திருப்பி அனுப்புங்கள். அந்த நிறுவனத்தை விட்டுப் போனவரிடம் கேட்பது எப்போதும் நல்லது: "இந்த அனுபவத்துக்கு அங்கே எவ்வளவுலேர்ந்து எவ்வளவு வரைக்கும் தர்றாங்க?" இப்படி வரம்பாகக் கேட்டால் பெரும்பாலானவர்கள் சொல்லிவிடுவார்கள். முதலில் உங்களுடையதைச் சொல்லிவிட்டுக் கேட்டால் எல்லாருமே சொல்வார்கள்.

போனில் என்ன சொல்வது

மாடிப்படிக்கே திரும்புவோம். "கரண்ட் சி.டி.சி. எவ்வளவு?"

"இந்த ரோலுக்கு என்ன பட்ஜெட் வெச்சிருக்கீங்கன்னு சொல்ல முடியுமா மேடம்? ஒத்துவரும்னா மேல பேசலாம், உங்க நேரமும் வீணாகாது." மரியாதையாக, அவசரமில்லாமல் சொல்லுங்கள். பாதிப் பேர் ஏதாவது ஒரு எண்ணைச் சொல்லிவிடுவார்கள். மீதிப் பேர், "சிஸ்டத்துல போடாம நகராது சார்" என்பார்கள். அது உண்மையும்கூட. அப்போது இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்: "இப்போ ஃபிக்ஸட் 22. நான் விசாரிச்ச வரைக்கும் இந்த வேலைக்கு ஃபிக்ஸட் 30-லேர்ந்து 34 வரைக்கும் போகுது. அதுல பேசலாம்." கீழ் எல்லையாகச் சொல்லும் எண், கிடைத்தால் நீங்கள் மனநிறைவோடு சேரக்கூடியதாக இருக்க வேண்டும். பெரும்பாலும் அதுதான் கிடைக்கும்.

பொய் மட்டும் சொல்ல வேண்டாம். மூன்று மாதச் சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16 எல்லாம் கேட்பார்கள்; பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். எண்ணை வைத்து எங்கே எந்தத் தேதி வரை இருந்தீர்கள் என்று பார்ப்பார்கள். கூட்டிச் சொன்னது தெரிந்தால், பழைய இடத்தில் ராஜினாமா கொடுத்த பிறகு ஆஃபர் ரத்தாகும். அந்தக் கஷ்டத்தில் மாட்டியவர்களுக்கு உதவ யாராலும் முடிந்ததில்லை.

நோட்டீஸ் பீரியட் 90 நாள் என்றால் அதுவும் பேரத்தில் ஒரு சரக்குதான். உடனே வரச் சொன்னால் பை-அவுட் பணம் யார் கட்டுவது, அதற்கு வரி யார் கட்டுவது என்று எழுத்தில் வாங்குங்கள். ராஜினாமா கொடுத்ததும் பழைய இடத்தில் கூடத் தருகிறோம் என்பார்கள். அந்தப் பணம் நேற்றுவரை எங்கே இருந்தது என்று அவர்களையே கேளுங்கள். திருப்தியான பதில் வந்தால் இருங்கள். கிளம்புவது என்று முடிவானால், கடைசி நாளுக்குப் பிறகு இரண்டு வேலை நாளுக்குள் சம்பள பாக்கியைத் தீர்க்க வேண்டும் என்று புதிய ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்வதை நினைவில் வையுங்கள்.

இந்த அத்தியாயத்தை எழுதிவிட்டு என் எண்களை மறைப்பது முறையல்ல. 2003-இல் 2.1 லட்சத்துக்குச் சேர்ந்தேன். 2007-இல் 5.4. 2011-இல் 11. 2015-இல் 14.3, அந்த முறைதான் போனில் "முப்பது பர்சன்ட்" என்று சொன்னேன், அதே நாற்காலிக்கு எனக்கு முன் இருந்தவருக்கு 19 என்று சேர்ந்த பிறகு தெரிந்தது. 2019-இல் 29, அதில் ஃபிக்ஸட் 25. 2023-இல் 46, ஃபிக்ஸட் 39, மீதி வேரியபிள்; அது இதுவரை ஒரு வருடம் முழுதாகவும் ஒரு வருடம் அறுபது சதவீதமும் வந்திருக்கிறது.